பல்லி விழுந்த மெஷினும் செல்வியின் பாஸ்போர்ட்டும்

ஊரார் துணியைத் துவைத்துக் கொடுக்கும் தொழிலில் அழுக்கு ஒரு பொருட்டே அல்ல. தானாக யோசிக்கும் மெஷினிடம் வேலை வாங்குவதுதான் பெரும்பாடு. வாஷிங் மெஷின் ஒன்று வாங்கி, அதற்குப் பின்னல் துணி போர்த்தி, மேலே பிளாஸ்டிக் பூங்கொத்தும் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே குந்தியிருந்து கையால் துவைத்துக்கொண்டிருக்கும் என் இனத்தவரே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் மாத்தளை டவுனில் குடும்பம் நடத்துகிறவள். கொன்வென்டில் படித்தேன், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு வாழ்க்கைப்பட்டேன், இரண்டு பிள்ளைகளையும் வளர்த்துக் கொழும்புக்கு அனுப்பினேன். ஐம்பதை நெருங்கும் வயதில் துணி துவைப்பது உன் தொழிலாகும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் வாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருப்பேன். ஆனால் ஆகிவிட்டது. அந்த மூன்று மாதத்தைப் போல ஒரு மூன்று மாதம் என் ஆயுளில் அதற்கு முன்பும் வரவில்லை, பின்பும் வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது.

லொறியில் வந்த பெட்டி

வடக்கில் சண்டை மறுபடி மூண்டிருந்த காலம் அது. ஆவணியில் ஒரு நாள், பகல் சாப்பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருக்கிறேன், வாசலில் லொறி வந்து நிற்கிறது. மேலே என் கழுத்து உயரத்துக்கு ஒரு பெட்டி. பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி செல்வி. எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் வேலைக்கு இருந்தவள். பிறகு கல்யாணம், ஒரு மகள், ஓடிப்போன புருஷன், அதற்கப்புறம் குவைத். ஆறு வருஷம் அங்கே வீட்டு வேலை செய்தவள், எல்லாரையும் போலச் சங்கிலியும் வளையலும் கொண்டுவராமல் கப்பலில் ஒரு வாஷிங் மெஷின் கொண்டுவந்திருக்கிறாள்! தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டு ஒற்றை அறையில் அதை எங்கே வைப்பது? தண்ணீருக்கு, மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போக வேண்டும். கறண்டு ஒரு பல்பு எரிவதற்கே மூச்சு வாங்கும்.

"மெஷின் என்னோடது, தண்ணியும் கறண்டும் ஒங்களோடது, வர்றதுல பாதிப் பாதி. பெட்ஷீட்டெல்லாம் குடுக்கிறேன்னு கெஸ்ட் ஹவுஸ் நோனா சொல்லிட்டாங்க மேடம்" என்று வாசலிலேயே கொந்தராத்து பேசி முடித்துவிட்டாள். நோனா என்றது கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் சிங்கள அம்மாவை. குவைத்தில் பழகிய 'மேடம்' அவள் நாக்கைவிட்டுப் போகவில்லை. 'அக்கான்னு கூப்பிடு' என்று சொல்லிச் சொல்லி எனக்குத்தான் அலுத்துப்போயிற்று.

அவ்வளவு அவசரத்துக்குக் காரணம் அவள் மகள். தன் அக்காவிடம் விட்டுவிட்டுப் போன பிள்ளைக்கு இப்போது ஒன்பது வயது. ஆறு வருஷம் கழித்து லயத்து வாசலில் வந்து நின்றவளைப் பார்த்து அது, "வாங்க ஆன்ட்டி" என்றதாம். இன்னொரு பக்கம் ஏஜென்ட். பாஸ்போர்ட் அவன் கையில். தீபாவளி முடிந்த திங்கட்கிழமை கொழும்புக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம் குவைத். இடையில் இருந்தது மூன்று மாதம். தண்ணீர் குடித்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் செல்வி சொன்னாள்: "மெஷின் ஓடுனா நான் இங்க. நின்னா நான் அங்க. அவ்வளவுதான் மேடம்."

மதர் சுப்பீரியர்

மெஷினின் நெற்றியில் எட்டுப் பொத்தான்கள். ஒவ்வொன்றின் கீழும் அரபு எழுத்து. கூடவே வந்த புத்தகத்தில் பின்பாதி இங்கிலீஷ். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாலு பக்கத்திலேயே எனக்கு அந்த மெஷின் விளங்கிவிட்டது, ஏனென்றால் அப்படியே எங்கள் கொன்வென்ட்! மதர் சுப்பீரியர் அறையைவிட்டு வெளியே வரவே மாட்டார். ஆனால் எந்த வகுப்பில் எவள் பேசினாள், எவள் தூங்கினாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எப்படி? நாலு சிஸ்டர்மார் ஓடி ஓடிச் செய்தி சொல்வார்கள். மெஷினிலும் பொத்தான்களுக்குப் பின்னால் ஒரு போர்ட் இருக்கிறது. அது மதர். தண்ணீர் எவ்வளவு என்று சொல்ல ஒரு சிஸ்டர், துணி எவ்வளவு பாரம் என்று சொல்ல ஒன்று, தொட்டி ஒரு பக்கமாய்ச் சாய்கிறதா என்று பார்க்க ஒன்று, மூடி மூடியிருக்கிறதா என்று பார்க்க இன்னொன்று. நாலு பேர் சொல்வதையும் கேட்டுத்தான் மதர், தண்ணீரைத் திற, மோட்டாரைச் சுற்று, அழுக்குத் தண்ணீரை வெளியே விடு என்று கட்டளை போடுகிறார்.

இதைச் செல்விக்கு விளக்க வாயைத் திறக்கிறேன். அவள் அதற்குள் துணியைப் போட்டு இரண்டு பொத்தானைத் தட்டிவிட்டாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழாமல், காய்ந்த துணியோடு உள்ளே 'கர்ர், கர்ர்' என்று திரும்பியது. ஐயோ, மோட்டார் எரிகிறது என்று பாய்ந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தண்ணீர் விடுவதற்கு முன்னால் காய்ந்த துணியை நாலு தரம் அசைத்துப் பார்க்குமாம். மோட்டார் லேசாகச் சுற்றினால் துணி கொஞ்சம், திணறினால் துணி அதிகம். அதற்குத் தக்க அளவுதான் தண்ணீர் எடுக்கும். புத்தகத்தைப் புரட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில் அதேதான் இருந்தது. செல்வி பிளக்கைத் திரும்பச் செருகிக்கொண்டே சொன்னாள்: "நீங்க படிச்சுக்கிட்டே வாங்க மேடம், நான் முன்னால போறேன்."

துவைத்துப் போட்ட துணி

உங்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், ஆகவே வெட்கப்படாமல் சொல்கிறேன். அழுக்குத் துணியை அப்படியே மெஷினுக்குள் போட எனக்கு மனசு வரவில்லை. ஆயிரம் இருந்தாலும் அடுத்தவள் பொருள். அதன் வயிற்றுக்குள் இவருடைய சட்டைக் கொலரையா போடுவது? வெள்ளென எழுந்து, எங்கள் வீட்டுத் துணியை எல்லாம் பேசினில் ஊறவைத்து, சவர்க்காரம் போட்டுக் கும்மி, பிழியாமல் சொட்டச் சொட்ட உள்ளே போட்டேன். பாரம் பார்க்கும் சிஸ்டர் என்ன செய்வாள் பாவம்! நாலே நாலு சட்டையும் ஒரு பாவாடையும் குடித்திருந்த தண்ணீரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஏழு பேர் குடும்பத்துத் துணி என்று மதரிடம் சொல்லிவிட்டாள். மதர் தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிட்டார். துணியில் இருந்த சவர்க்காரம் வேறு நுரையாகப் பொங்கி வழிந்து, மெஷினை வைத்திருந்த பின் விறாந்தையில் இவர் வழுக்கி, கதவைப் பிடித்துத் தொங்கினார்.

நுரையை வாரிக் கொட்டிக்கொண்டே செல்வி கேட்டாள்: "நீங்களே தொவைச்சிட்டா அது என்னத்துக்கு மேடம், பாத்துக்கிட்டு நிக்கவா?"

வாளி

கெஸ்ட் ஹவுஸின் முதல் மூட்டை வந்த அன்று குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. எங்கள் தெருவுக்கு அது ஒன்றும் புதினமில்லை. ஆனால் மெஷினுக்குப் புதினம். இருபது நிமிஷம் பொறுத்துப் பார்த்தது. தண்ணீர் சிஸ்டரிடமிருந்து செய்தி வரவில்லை. மதருக்குக் கோபம் வந்து, வேலையை நிறுத்தி, மணி அடித்து, நெற்றியில் சிவப்பு எழுத்து ஒன்றைக் காட்டினார். புத்தகத்தைப் பிரித்தேன். அந்த எழுத்துக்கு எதிரே, 'குழாயைத் திறக்கவும்' என்று போட்டிருந்தது. குழாய் திறந்துதானே இருக்கிறது! எழுதினவன் எந்த ஊர்க்காரனோ, மாத்தளைக்கு வந்து ஒரு நாள் குளித்துப் பார்க்கட்டும் என்று புத்தகத்தையே ஏசினேன்.

செல்வி வாளியை எடுத்தாள். கூரைமேல் தண்ணீர்த் தாங்கியின் குழாயடியில் இருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து மூடியைத் திறந்து ஊற்றினாள். நாலு, ஐந்து, ஆறு. ஏழாவது வாளியில் மூடியை மூடினாள். பொத்தானைத் தட்டினாள். மெஷின் தானாகச் சுற்ற ஆரம்பித்தது! எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல் இருந்தது. புத்தகத்தில் படம் பார்த்தேன். தொட்டியின் அடியிலிருந்து சுண்டுவிரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய் மேலே போகிறது. குழாய்க்குள் காற்று. தொட்டியில் தண்ணீர் ஏற ஏற, அந்தக் காற்று நெருங்கிப்போய், மேலே ஒரு வட்டப் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் தோலைத் தள்ளுகிறது. 'டிக்'. அவ்வளவுதான் செய்தி. தண்ணீர் அந்தப் பெட்டியில் படுவதேயில்லை. நான் இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் செல்விக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அதுக்கு யாரு ஊத்துனாங்கன்னு தெரியாது மேடம். எவ்வளவு இருக்குன்னு மட்டும்தான் தெரியும்."

எலுமிச்சம்பழம் மூன்று

நவராத்திரி ஒன்பதாம் நாள். வீட்டில் இருக்கும் கத்தி, கத்தரிக்கோல், இவருடைய பைசிக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம். மெஷின் மட்டும் என்ன பாவம் செய்தது? நெற்றிக்குச் சந்தனம், குங்குமம், கழுத்துக்கு மாலை. வாகனத்துச் சக்கரத்துக்கு வைப்பது போல் காலுக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று இவர் ஒரே பிடி. நானும் செல்வியும் மெஷினைத் தூக்க, இவர் பழத்தைச் செருகினார். வீட்டில் மூன்று பழம்தான் இருந்தது. மூன்று காலுக்கு வைத்துவிட்டு, நாலாவது காலுக்கு மானசீகமாக வைத்தாராம்.

மறுநாள் காலையில் பழத்தை எடுக்க எல்லாரும் மறந்துபோனோம். கெஸ்ட் ஹவுஸ் பெட்ஷீட் பன்னிரண்டையும் போட்டு ஓடவிட்டேன். துவைத்தது, அலசியது, பிழியச் சுற்றத் தொடங்கியதும் 'தடால் தடால்' என்று இடித்தது. சாய்வு பார்க்கும் சிஸ்டர் புகார் சொல்லிவிட்டாள். மதர் உடனே சுற்றை நிறுத்தி, மறுபடி தண்ணீர் எடுத்து, துணியைப் பரப்பிவிட்டு, திரும்பச் சுற்றினார். திரும்ப இடித்தது. திரும்பத் தண்ணீர். மூன்று தரம்! மூன்றாம் தரம் மெஷின் மாலையோடும் பொட்டோடும் விறாந்தையில் சாமி புறப்பட்டது போல் ஓரடி முன்னுக்கு நடந்து வந்து நின்று, மணி அடித்தது. பழம் நசுங்கி வாசனை வந்த பிறகுதான் எங்களுக்கு ஞாபகமே வந்தது.

பெட்ஷீட் பின்னேரம்தான் போய்ச் சேர்ந்தது. சிங்களத்தில் இனிக்க இனிக்கப் பேசும் கெஸ்ட் ஹவுஸ் நோனா, அன்று வந்தவர்களை வெறும் மெத்தையில் படுக்கவைத்த கோபத்தில் டெலிபோனில் சர்க்கரை போடாமல் பேசினார்: "இது ஒரு தரம். இன்னொரு தரம் நடந்தால் துணி கண்டிக்குப் போகும், நோனா."

பார்வையாளர்கள்

அந்தத் தெருவில் இப்படி ஒரு மெஷின் எங்கள் வீட்டில்தான். பார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றியே ஓய்ந்தேன். வருகிறவர்கள் சும்மா வருவார்களா? உள்ளே என்ன நடக்கிறது என்று ஆசை. மெஷின் பிழியச் சுற்றும் நேரம் பார்த்து மூடியைத் தூக்குவார்கள். தூக்கின உடனே மூடி சிஸ்டர் சொல்லிவிடுவாள். மெஷின் பிரேக் போட்டு நின்றுவிடும். 'ஐயோ பழுதாப்போச்சு' என்று கையை உதறுவார்கள். கையை உள்ளே விட்டுச் சேலை சுற்றிக்கொள்ளக் கூடாதென்றுதான் அந்த ஏற்பாடு என்று ஆளுக்கொரு தரம் விளங்கப்படுத்தித் தொண்டை வறண்டது.

எல்லாரையும் மன்னிக்கலாம், எங்கள் வீட்டுக்காரரை மன்னிக்க முடியாது. நாளுக்கு மூன்று தரம் திறப்பார். ஒரு நாள் கையும் மெய்யுமாகப் பிடித்து, ஏன் திறந்தீர்கள் என்று கேட்டேன். கச்சேரியில் பைல் பார்க்கிற அதே முகத்தோடு சொன்னார்: "வேலை நடக்குதான்னு பாக்கத்தான் தெறந்தேன் சரோ, தெறந்து பாத்தா நடக்கல்ல."

பல்லி

தீபாவளிக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. ஏஜென்டின் திங்களுக்கு இன்னும் இரண்டு பகல்தான். ஞாயிற்றுக்கிழமை கெஸ்ட் ஹவுஸுக்குப் பெரிய கூட்டம் வருகிறது, இருபது பெட்ஷீட்டும் காலையில் வேண்டும் என்று நோனா மூட்டையை அனுப்பியிருந்தார். செல்வி துணியைப் போட்டுப் பொத்தானைத் தட்டினாள். 'படீர்' என்று ஒரு சத்தம், கருகல் நாற்றம், நெற்றியில் ஒரு வெளிச்சமும் இல்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்து ஆணிகளைத் திருகித் தகட்டை எடுத்தேன். மதருடைய அறைக்குள் ஒரு பல்லி விறைத்துக் கிடந்தது. சூட்டுக்காகப் போய்ப் படுத்தது, கறண்டுள்ள இரண்டு ஈயப் பொட்டுக்கு நடுவில் காலை நீட்டிவிட்டது.

செல்வி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. 'சூட்கேஸக் கழுவிக் காயவைக்கணும்' என்று மட்டும் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழும்புடி, கண்டியில் போர்ட் பழுதுபார்க்கும் ஒருவர் இருக்கிறார், நாளைக்கு முதல் பஸ்ஸில் போகிறோம் என்று கத்தினேன். கழற்ற வேண்டிய வயர் பதினாலு. எது எங்கே இருந்தது என்று மறந்தால் தொலைந்தோம். செல்வி என் தையல் பெட்டியைக் கொண்டுவந்து, ஒவ்வொரு வயருக்கும் அது கழன்ற இடத்துக்கும் ஒரே நிறத்தில் பூவேலை நூலை முடிந்தாள். பச்சைக்குப் பச்சை, ஊதாவுக்கு ஊதா. ரப்பர் குழாயும் விரிசல் விட்டிருந்ததால், அந்த 'டிக்' பெட்டியையும் குழாயோடு கழற்றிப் பையில் வைத்தோம்.

இவ்வளவு ரகளைக்கும் நடுவில் இவர் பஞ்சாங்கத்தோடு வந்து நின்றார். பல்லி விழும் பலன் பக்கத்தில் விரலை வைத்திருந்தார். "சரோ, முதல்ல இதச் சொல்லு. போர்ட் மெஷினுக்குத் தலையா, வயிறா? ரெண்டுக்கும் வேற வேற பலன் போட்டிருக்கு."

நஸீர் பாஸ்

கண்டியில் ஒரு சந்துக்குள், ஆள் நுழைய முடியாமல் ரேடியோவும் ரீவியும் அடுக்கியிருந்த கடை. மெக்கானிக் நஸீர் பாஸ் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூல் முடிச்சுகளைப் பார்த்துவிட்டு, இது யார் வேலை என்று கேட்டார். செல்வி தலையைக் குனிந்தாள். முப்பது வருஷத்தில் இப்படி ஒழுங்காக யாரும் கழற்றிக் கொண்டுவந்ததில்லை என்றார். மூளை என்று சொல்லும் கறுப்புச் சில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை; மோட்டாருக்குக் கறண்டை விடும் வாசல்காரன் ஒருவன்தான் எரிந்துபோயிருக்கிறான். பழைய போர்ட் ஒன்றிலிருந்து அதே சாமானைப் பிடுங்கி இதில் ஒட்டினார். ஈயம் உருகும் புகைக்குள் நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். சின்ன பல்பை வைத்துச் சோதித்தார், எரிந்தது! ரப்பர் குழாயையும் புதுசாக மாற்றி, வாயால் ஊதி 'டிக்' கேட்க வைத்தார். இப்போது வரும் சில மெஷின்களில் இந்தச் சத்தமே இல்லை, எல்லாம் உள்ளுக்குள் எண்ணிக்கொள்ளும், உங்களுடையது சத்தம் போடும் வகை என்றார். அந்தச் சத்தம் எங்களை என்ன பாடுபடுத்தி எப்படிக் காப்பாற்றப் போகிறது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

போர்டைப் பேப்பரில் சுற்றிக் கொடுக்கும்போது சொன்னார்: "மூளையெல்லாம் நல்லாத்தான் ஈக்கிது மிஸிஸ். பல்லிக்குத்தான் இல்லாமப் போச்சு."

நாலு இங்கிலீஷ் வார்த்தை

திரும்பி வரும் வழியில் செக் பொயின்ட். எல்லாரும் பையோடு இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். பஸ்ஸில் குண்டு வெடித்த அந்தக் காலத்தில் அது தினப்படி நடக்கிற காரியம். என் பையைத் திறந்த சிப்பாய் பேப்பரை விரித்தான். பச்சைப் பலகை, அதிலிருந்து நாலா பக்கமும் வயர், கலர் கலராக நூல், ஒரு ரப்பர் குழாய், ஒரு வட்டப் பெட்டி. "மொக்கத மே?" என்றான். இது என்ன என்று கேட்கிறான்.

எனக்கா பதில் சொல்லத் தெரியாது? நல்ல சிங்களத்தில், நடுவில் சரியான இங்கிலீஷ் வார்த்தைகளைப் போட்டு விளக்கினேன். "பயப்பட ஒன்றுமில்லை மாத்தயா. இது கொன்ட்ரோல் போர்ட். இதற்குள் டைமர் இருக்கிறது. இது சென்சர். பிரஷர் கூடினதும் இது போர்டுக்குச் செய்தி அனுப்பும், போர்ட் உடனே மற்றதை ஓடவைக்கும்." வரிசை அப்படியே ஐந்தடி பின்னால் போயிற்று. சிப்பாய் பையை மெதுவாக, மிக மெதுவாக நிலத்தில் வைத்தான். மற்றது எங்கே என்று கேட்டான். 'வீட்டில் இருக்கிறது' என்று உண்மையைச் சொன்னேன். யாருடைய வீட்டில்? 'என் வீட்டில்தான், பின் விறாந்தையில்.' நான் ஒவ்வொரு தரம் வாய் திறக்கும்போதும் ஒரு துவக்கின் குழல் எங்கள் பக்கம் திரும்பியது. பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. எங்கள் ஐடென்டிட்டி கார்ட் இரண்டையும் வாங்கிக்கொண்டார்கள். அங்கே பொறுப்பாக இருந்த பெரியவரைக் கூப்பிட ஒருவன் ஓடினான்.

நான் கதிகலங்கிப்போனேன். இவ்வளவு நாளும் என்னைக் காப்பாற்றின வாய், அன்று முதல் தரமாக எனக்கே எதிராகப் பேசிவிட்டது. இன்னும் விளக்க வாயைத் திறக்கும்போது, செல்வி என் கையைப் பிடித்து, குவைத்திலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக மேடம் போடாமல் சொன்னாள்: "அக்கா, நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

வாளி, மறுபடியும்

பெரியவர் வந்தார். செல்விக்குச் சிங்களம் அரைகுறை. அவள் ஒன்றும் விளக்கவில்லை. பலா மரத்தடியில் சிப்பாய்மாரின் காற்சட்டைகள் ஒரு வாளியில் ஊறிக்கொண்டிருந்தன. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வாளி நிறையத் தண்ணீர். அதைக் காட்டி, "வத்துர, மாத்தயா, வத்துர" என்றாள். தண்ணீர், ஐயா, தண்ணீர். காற்சட்டையைக் காட்டினாள். கையால் கும்முவது போல் காட்டினாள். வயிற்றுக்கு முன்னால் கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். பெரியவரின் முகத்தில் ஏதோ அசைந்தது. சரி, செய் என்று தலையை ஆட்டினார்.

செல்வி பையிலிருந்து வட்டப் பெட்டியை மட்டும் எடுத்து, ரப்பர் குழாயின் நுனியை வாளித் தண்ணீருக்குள் நேராக இறக்கினாள். சாண் ஆழம் போயிற்று, ஒன்றும் இல்லை. இன்னும் நாலு விரல் இறக்கினாள். 'டிக்.' வெளியே எடுத்தாள். 'டிக்.' துவக்கைப் பிடித்திருந்தவன் 'ஆ' என்று வாயைத் திறந்தான். பெரியவர் தானே வாங்கி இறக்கினார். 'டிக்.' எடுத்தார். 'டிக்.' குழந்தை மாதிரி நாலு தரம் செய்தார். பிறகு சிப்பாய் செய்தான். பிறகு இன்னொருவன். ரோட்டில் நின்ற வரிசைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். அந்த இடத்தில் அரை நிமிஷம் யாரும் யாருக்கும் பயப்படவில்லை. தண்ணீரை யார் ஊற்றுவது என்று பெரியவர் செல்வியிடம் கேட்டார். யார் ஊற்றினாலும் அதற்கு ஒன்றுதான் என்று தன் உடைந்த சிங்களத்தில் சொன்னாள்.

பிறகு கார்ட்களைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டார். படியில் கால் வைக்கும்போது என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "அடுத்த முறை முதலில் வாளியைக் காட்டுங்கள் நோனா. இங்கிலீஷைக் கடைசியில் காட்டுங்கள்."

திங்கட்கிழமை

அன்று பின்னேரமே நூலுக்கு நூல் பார்த்து வயர்களைப் பூட்டினோம். பிளக்கைச் செருகியதும் எட்டுப் பொத்தானும் எரிந்தன. நான் செல்வியைக் கட்டிக்கொண்டு குதித்தேன். இவர் பஞ்சாங்கத்தை மூடி அலுமாரியில் வைத்தார். இருபது பெட்ஷீட்டும் இஸ்திரி போட்டு ஞாயிறு காலை போய்ச் சேர்ந்தன. மகளும் அன்று செல்வியோடு வந்திருந்தாள். 'ஆன்ட்டிக்கு வணக்கம் சொல்லு' என்றாள் செல்வி. பிள்ளை நேராக என்னைப் பார்த்துக் கைகூப்பியது. அந்த ஆன்ட்டிப் பட்டம் இனி செல்விக்கு இல்லை, எனக்கு மட்டும்தான் என்று விளங்கியது; வாங்கிக்கொண்டேன்.

திங்கள் பத்து மணிக்கு டெலிபோன் அடித்தது. ஏஜென்ட். எங்கே அந்தப் பெண், கையெழுத்துக்கு வரச் சொன்னேனே, பாஸ்போர்ட் ரெடி, விசா ரெடி, இப்படி ஏமாற்றினால் எப்படி என்று படபடவென்று பொரிந்தான். நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு விறாந்தைப் பக்கம் திரும்பி, என்னடி சொல்ல என்று கத்தினேன். மெஷின் முழு வேகத்தில் பிழிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலாக அவள் குரல் வந்தது:

"வர மாட்டாளாம்னு சொல்லுங்க அக்கா! பாஸ்போர்ட்டத் தபால்ல போடச் சொல்லுங்க! இப்ப கடைசிச் சுத்து ஓடுது, என்னால நகர முடியாது, அண்ணன் மூடியத் தெறக்கப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு!"

ஆக, தண்ணீர் எவ்வளவு, பாரம் எவ்வளவு, எந்தப் பக்கம் சாய்கிறது, எப்போது மூடியைத் திறக்கக் கூடாது என்ற நாலு விஷயமும் ஒரு தகரப் பெட்டிக்கு மூன்று மாதத்தில் பழக்கத்துக்கு வந்துவிட்டன. எங்கள் வீட்டுக்காரருக்கு இருபத்தாறு வருஷமாக நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.